மேற்குச் சுவரில் ஒட்டிய மலை

கத்திரி பிறந்த நாலாம் நாள், பகல் இரண்டு மணிக்கு, வேலூரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் மேற்குச் சுவரில் பனி பிடித்தது. ஏன் பிடித்தது என்று கேட்டால் பதில் கிடையாது. அந்தச் சுவரில் என்ன ஒட்டியிருந்தது, யார் ஒட்டினார் என்று கேட்டால் உண்டு.

ஒட்டியவர் துளசிங்கம். சினிமா தியேட்டருக்கு நாற்பது வருஷம் போஸ்டர் ஒட்டியவர். சைக்கிள் கம்பியில் கட்டிய ஏணியும் ஹேண்டில்பாரில் தொங்கும் பசை வாளியும் கேரியரில் சுருட்டிய காகிதமுமாக ஊரின் எல்லாச் சுவர்களுக்கும் போய், நான்கு துண்டாக வருகிற ஒரு முகத்தை மூக்கோடு மூக்கும் மீசையோடு மீசையும் பொருந்தும்படி ஒட்டி, நாலடி பின்னால் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த சுவருக்குப் போய்விடுவார். சுவரிடம் என்ன பேச்சு? அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் மனைவி சம்பூரணத்திடம் அவர் பேசியதையெல்லாம் சேர்த்து அச்சடித்தால் ஒரு போஸ்டரின் கீழ்த்துண்டில் அடங்கிவிடும். அதிலும் பாதி 'ம்' என்றுதான் இருக்கும்.

சம்பூரணம் அப்படியில்லை. குழாயோடு பேசுவாள், கொதிக்கிற பாலோடு பேசுவாள், கொடியில் காயாத துணியைத் திட்டுவாள், மனிதர் கிடைத்தால் விடவே மாட்டாள். கிடைப்பதுதான் இல்லை. அந்த வீட்டுக்குக் கோடையில் யாரும் ஏறி வரமாட்டார்கள். மேலே மொட்டை மாடி. அது காலையில் சூடேறி, மேற்குச் சுவர் மத்தியானத்தில் சூடேறி, இரண்டுமாகச் சேர்ந்து விளக்கு வைக்கிற நேரம் வரை வீட்டை வேகவைக்க, ஃபேன் அந்தச் சூட்டை அள்ளி அள்ளிக் கட்டில் மேல் கொட்ட, குழாயைத் திறந்தால் காப்பிக்கு வைத்த மாதிரி தண்ணீர் வர, பல்லி கூடச் சுவரை விட்டுவிட்டுத் தொட்டிக்கடியில் போய் ஒண்டிக்கொள்ளும். போன கோடையில் சம்பூரணம் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள்.

சித்திரை பிறந்த அன்று, பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்:

"இன்னாங்க, கேட்டுக்குங்க. கத்திரி முடிஞ்ச மறுநாள் மஞ்சு ஒசூர்ல இருந்து வரா. அவளுக்கு லீவு அப்பத்தான். இந்த வருஷமும் நான் போன வருஷம் மாதிரி வெந்து கெடந்தா, பைய எடுத்துக்கினு அவளோட போயிடுவேன். போறதுன்னா போறதுதான். தீவாளிக்கு வர்றேன், பொங்கலுக்கு வர்றேன்ற கதையெல்லாம் இல்ல. நீங்களும் வர்றதுன்னா வாங்க."

"ம்," என்றார் துளசிங்கம்.

அவர் போகமாட்டார். மருமகன் வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்காரலாமா, நிமிர்ந்துதான் உட்காரணுமா என்று மகள் மஞ்சுளாவின் கல்யாணத்திலிருந்து இன்றுவரை அவருக்கு முடிவாகவில்லை. போகாதே என்று சம்பூரணத்திடம் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அட்டைப் பெட்டி பொறுக்கப் போனார்.

பொறுக்கினார். ஃபிரிட்ஜ் வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி, அதற்குள் வைத்த தெர்மகோல், முட்டைக் கடையில் அடுக்கி வைத்திருந்த குழி அட்டைகள் எல்லாவற்றையும் மூன்று மாடி சுமந்து ஏற்றினார். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிண்டி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு இறக்கினார். இரண்டே நாளில் மேற்குச் சுவர் முழுக்கக் குழி அட்டை ஏறிவிட்டது. வெயில் உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

கட்டில் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் கிடந்தது. சம்பூரணம் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாது இது, கோழிப்பண்ணையா? கண்ணு முழிச்சா இது மூஞ்சியிலயா முழிக்கணும்? மேல எதுனா படம் ஒட்டுங்க."

படத்துக்கு எங்கே போவது? தெருமுனை அரசமரத்துக்குத்தான். சாமி படம் போட்ட காலண்டரை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். வருஷம் முடிந்ததும் கொண்டுபோய் மரத்தடியில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அரிசி மண்டி, நகைக்கடை, ஸ்வீட் ஸ்டால், மருந்துக்கடை என்று ஊரிலுள்ள கடைகளின் காலண்டரெல்லாம் அங்கே வெயிலிலும் மழையிலும் கிடந்தன. துளசிங்கம் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்.

சம்பூரணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எடுத்தாந்ததே தப்பு. எடுத்தாந்துட்டீங்க, சரி. ஆனா சாமி மேல கத்தரிக்கோல் படக்கூடாது. பட்டா, மஞ்சு வர்ற வரைக்கும் காத்திருக்கமாட்டேன், இப்பவே பஸ் ஏறிடுவேன்."

ஆகவே அவர் சாமியைச் சுற்றி வெட்டினார். கிரீடத்தின் முனை பிசகாமல், மயிலின் தோகை பிசகாமல், நந்தியின் கொம்பு பிசகாமல் வெட்டி எடுத்து, அத்தனை பேரையும் பத்திரமாக மூட்டை கட்டி அரசமரத்தடிக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அங்கே சிவன் மலை இல்லாமல் அந்தரத்தில் தியானம் செய்தார். லட்சுமி குளம் இல்லாமல் தாமரையில் நின்றாள். வீட்டில் மிஞ்சியது பின்னாலிருந்த இடம் மட்டும். பார்த்தால் பெரும்பாலும் மலை. முப்பது வருஷத்துக் கைலாசம், நீலத்தில், ஊதாவில், ரோஸில், ஈரம் பட்டுச் சாயம் இறங்கிய பச்சையில்.

மூக்கோடு மூக்கு வைத்தவருக்குச் சிகரத்தோடு சிகரம் வைப்பது பெரிய வேலையில்லை. அரிசி மண்டி மலையின் சரிவை நகைக்கடை மலையின் சரிவோடு பொருத்தி, ஸ்வீட் ஸ்டால் மேகத்தை அதன் தோளில் போட்டு, குழி அட்டையின் மேடெல்லாம் பாறையாகவும் பள்ளமெல்லாம் பள்ளத்தாக்காகவும் ஆகும்படி விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். சாமியை வெட்டியெடுத்த இடமெல்லாம் சாமி உருவத்தில் ஓட்டையாக இருந்தது. அதை அடைக்க வீட்டிலிருந்த வெள்ளையெல்லாம் வந்தது. நொறுக்கிய முட்டை ஓடு, பால் பாக்கெட்டின் உட்புறம், பழைய வேட்டி, தலையணைப் பஞ்சு, உதிர்த்த தெர்மகோல் மணி, சம்பூரணத்தின் பிரஷர் மாத்திரை அட்டையிலிருந்து உரித்த வெள்ளித்தாள், கடைசியில் பசை காய்வதற்குள் மேலே தூவிய ஒரு படி கல்லுப்பு. நாலடி பின்னால் வந்து ஒரு தடவை பார்த்தார். "ம்," என்றார். பசைச் சட்டியைக் கழுவப் போனார்.

கத்திரி பிறந்தது. முதல் நாள் கொளுத்தியது, இரண்டாம் நாள் கொளுத்தியது, மூன்றாம் நாள் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. நாலாம் நாள் பகல் இரண்டு மணிக்குச் சம்பூரணம் கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்:

"ஃபேன நிறுத்துங்க. குளுருது."

துளசிங்கம் எழுந்து ஃபேனை நிறுத்தினார். சுவரிடம் போய்ச் சிகரத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது கை வெள்ளையாக இருந்தது; பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருகி முழங்கை வழியாக இறங்கியது. முகர்ந்து பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஈரம்," என்றார்.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு ஜைத்தூன். கறிவேப்பிலை கேட்டு வந்தவள், வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றுவிட்டாள்.

"அக்கா, வூட்ல ஏசி போட்டீங்களா?"

"இல்லடி. மலை போட்டோம்."

"மலையா?"

"அவருதான் ஒட்டினாரு."

ஜைத்தூன் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நல்ல மலைக்கா. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்," என்றாள். கொஞ்ச நேரம் என்பது ஆறு மணிவரை. மறுநாள் ஜைத்தூனோடு அவள் மாமியார் வந்தாள், மாமியாரோடு மாமியாரின் தங்கை வந்தாள், தங்கையைத் தேடிக்கொண்டு தங்கை வீட்டுக்காரர் வந்தார், அவரைத் தேடிக்கொண்டு டீக்கடைப் பாக்கி வசூலிக்கிறவன் வந்தான். வந்தவர்கள் யாரும் எதற்காக வந்தோம் என்பதை மறந்து சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் வாய் பிளக்கவில்லை. வேலூர்க்காரனுக்கு மே மாதத்தில் வாய் பிளக்கத் தெம்பு இருக்காது. குளிர் கிடைத்தால் உட்காருவான், அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் மூன்று மாடி ஜனமும் அந்த ஒரு வீட்டில் இருந்தது. தரைத்தளத்துப் பூக்காரி தனக்கோட்டி மல்லிகைக் கூடையைக் கொண்டுவந்து மலையடியில் வைத்தாள். மொட்டு மூன்று நாள் ஆகியும் மொட்டாகவே இருந்து, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை கழுத்தில் ஏறிய பிறகு பட்டென்று விரிந்தது. ஊரில் அவள் பூவுக்குத் தனிப் பெயர் வந்துவிட்டது. தனக்கோட்டி வைத்தாள் என்று எல்லாரும் இட்லி மாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதுதான் தப்பாய்ப் போயிற்று. குளிரில் மாவு பொங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மாடியிலும் ஒரே நேரத்தில் இட்லி கல்லாக இறங்க, ஒரே நேரத்தில் பன்னிரண்டு வீட்டிலும் சண்டை நடந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆபிரகாம் சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், உடனே மாடிப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார். மாவுச் சட்டி கொண்டுவரக் கூடாது. செருப்பு வெளியே. மலையைக் கையால் தடவக் கூடாது. கைக்குழந்தைக்காரிகளுக்கு முதல் வரிசை. தாள் கோணலாக இருந்தது. துளசிங்கம் அதைப் பிய்த்து நேராக ஒட்டினார். சரி என்று சொன்னதாக ஆபிரகாம் சார் எடுத்துக்கொண்டார்.

குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஊரில் யாரிடம் என்ன இருக்கிறது? வேலூரில் ஸ்வெட்டர் வாங்குகிறவன் பைத்தியம். கடைசியில் வார்டு கவுன்சிலர்தான் கைகொடுத்தார். இருபது வருஷமாக மேடைகளில் அவர் தோளில் விழுந்த பொன்னாடைகள் பீரோ நிறைய இருந்தன. நாற்பது சால்வைகளை மூட்டையாக ஏற்றி அனுப்பினார். பொன்னாடைகள் பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக மனிதர்களுக்குக் குளிர் தாங்கின. பளபளவென்று நாற்பது பேர் ஜரிகை போர்த்தி உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வெளியூரைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

சூடம் கொளுத்தி வைக்கலாம் என்று ஒருவர் தட்டோடு வந்தார். சம்பூரணம் பாய்ந்து தடுத்தாள்.

"கொளுத்துவீங்க, மலை உருகினா யாரு பொறுப்பு?"

"கைலாசம்மா இது!"

"கைலாசத்துல ஆளு இல்ல. எல்லாரையும் மரத்தடிக்கு அனுப்பியாச்சு. தட்ட எடுத்துக்கினு அங்க போங்க."

சம்பூரணம் அவள் வாழ்நாளில் அப்படி இருந்ததில்லை. காலை ஒன்பதிலிருந்து பேசினாள். மஞ்சுளாவின் பிரசவத்தை ஆறு தடவை சொன்னாள், ஆறு தடவையும் கேட்க ஆள் இருந்தது. துளசிங்கத்துக்குத்தான் உட்கார இடமில்லை. அவர் நாற்காலியில் ஜைத்தூனின் மாமியார், அவர் பாயில் யாரோ. மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவர் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தார். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டார். இனிமேல் எதற்குப் போவாள்? குளிர் இருக்கிறது, ஜனம் இருக்கிறது. போகமாட்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒன்றைக் கவனித்தார். முதலில் கட்டிலில் உட்கார்ந்து பேசியவள், பிறகு கட்டிலுக்கு இந்தப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு கதவோரம். பிறகு சமையலறை வாசலில் நின்றே பேசினாள். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில், கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு. எழுந்திருக்கும்போது அம்மிமேடையைப் பிடித்து எழுந்தாள். யாராவது பார்த்தால் புடவையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

கத்திரியின் பதினாறாம் நாள் அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலை இறக்கித்தான் பேசினாள். சம்பூரணம் குரலை இறக்கினால் பக்கத்து அறைக்கு மட்டும் கேட்கும்.

"வந்துடு மஞ்சு. சொன்ன தேதிக்கு வந்துடு. வெயிலு இல்லடி. குளிரு. முட்டி ரெண்டும் புடிச்சிக்கினு வுடவே இல்ல. அப்பா கிட்ட சொல்லாத. ஜனம் எல்லாம் சந்தோஷமாக் கீது, நான் கெடுக்கணுமா? போறப்போ சொல்லிக்கலாம்."

துளசிங்கம் தண்ணீர் குடிக்கவில்லை. பரணில் கையை விட்டுப் பழைய போஸ்டர் சுரண்டுகிற தகட்டை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். முன்வரிசையில் இருந்த இரண்டு பேரைத் தாண்டிக் கட்டில் மேல் ஏறி நின்று, சிகரத்தின் ஓரத்தில் தகட்டை வைத்தார்.

அறையில் இருபத்துமூன்று பேர் இருந்தார்கள். இருபத்துமூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

"அண்ணே! இன்னா பண்றீங்க?"

"எறங்குங்கய்யா, கீழ எறங்குங்க!"

ஆபிரகாம் சார் பொன்னாடையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு முன்னே வந்தார். "மிஸ்டர் துளசிங்கம், இது இப்போ பொதுச்சொத்து. சங்கத்தைக் கேக்காம கைவைக்க முடியாது."

"என் சுவரு."

"வாடகைச் சுவரு."

"என் மைதா."

ஆபிரகாம் சார் ஓரடி பின்னால் போனார். தனக்கோட்டி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டாள். "ணா, இன்னும் ஒன்பது நாள் கத்திரி கீது. சும்மா நிக்கிற மலைய எதுக்குச் சுரண்டுற? வாயத் தொறந்து சொல்லு. நாங்க இன்னா தப்பு பண்ணோம்? பேசுறது அதிகமாப் போச்சா? பேசல. வாய மூடிக்கிறோம். டேய், எல்லாரும் வாய மூடுங்கடா!"

எல்லாரும் வாயை மூடினார்கள். அதுதான் வம்பு. சத்தத்தில் ஒன்றும் சொல்லாமல் தப்பிக்கலாம், அமைதியில் முடியாது. துளசிங்கம் தகட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அவளுக்கு முட்டி வலி," என்றார். யாரும் நகரவில்லை. இன்னும் வேண்டும் போலிருந்தது. "அவ போயிடுவா," என்றார்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. சம்பூரணம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எனக்கு முட்டி வலின்னு யாரு சொன்னது?"

"பாத்தேன்."

"எப்போ பாத்தீங்க?"

"தினம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதல் தடவையாக அவளுக்கும் வரவில்லை. ஜைத்தூன் பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குளிர்ல கண்ணு எரியுது," என்றாள்.

தனக்கோட்டிதான் வழி சொன்னாள். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிறவளுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியும். "மலை மொத்தமும் ஒரே ரூம்ல நின்னா குளிரும் அங்கியேதான் நிக்கும். அடிவாரம் எங்க? சிகரத்த வெச்ச, அடிவாரத்த வுட்டுட்ட. வாசல் வழியா படியில எறக்கு ணா. குளிரு தானா கீழ எறங்கிப் பூடும். யக்காவுக்கும் ஆவும், எங்களுக்கும் ஆவும்."

துளசிங்கம் கட்டிலிலிருந்து இறங்கினார். வாசல்வரை நடந்து, படியை எட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்தார். "பேப்பர் பத்தாது," என்றார்.

பத்தாதா? ஒரு மணி நேரத்தில் வந்து குவிந்தது. ஜைத்தூன் கல்யாணத் துணியிலிருந்து உதிர்ந்த வெள்ளி ஜரிகையும், அவள் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் தோல் துண்டுகளும், ஆபிரகாம் சார் வீட்டிலிருந்து முப்பது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளின் பனியும், எழுதாமல் மிஞ்சிய கணக்கு நோட்டும், தனக்கோட்டியின் வாழைநார், யார் யாரோ கொடுத்த கோலமாவு, கிழிந்த கொசுவலை, சாம்பல், தேங்காய் துருவிய ஓடு, மின்சார பில். பிறகு எக்ஸ்ரே. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற வேலூரில் எக்ஸ்ரே இல்லாத வீடு உண்டா? பன்னிரண்டு வீட்டு நெஞ்செலும்பும் இடுப்பெலும்பும் முழங்காலும் நீலமாக வந்து இறங்கின. துளசிங்கம் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பனிப்பாறை," என்றார். அன்று அவர் சொன்னதிலேயே மகிழ்ச்சியான சொல் அது.

இரண்டு பகல் ஒட்டினார்கள். அண்டாவில் மைதா கொதித்தது. மூன்று மாடி ஜனத்துக்கும் முழங்கைவரை பசை. துளசிங்கம் படியில் ஏறியும் இறங்கியும் கத்தினார். "காத்து வுடாத! நடுவுல இருந்து ஓரத்துக்குத் தேய்! எலும்ப தலைகீழா ஒட்டினது யாரு? சரி வுடு, நல்லாத்தான் கீது." நாற்பது வருஷமும் தனியாக ஒட்டியவருக்குச் சுற்றிலும் நாற்பது கை. திட்டித் திட்டித் தொண்டை கட்டியது. திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் மறுபடி மறுபடி அவர் பக்கத்தில் வந்து ஒட்டினார்கள்.

மூன்றாம் நாள் மலை வாசலைத் தாண்டிப் படியிறங்கித் தரைத்தளத்து சைக்கிள் நிறுத்துமிடம்வரை போய் முடிந்தது. குளிரும் கூடவே இறங்கிப் போயிற்று. மூன்றாம் மாடியில் மார்கழி, இரண்டாம் மாடியில் கார்த்திகை, முதல் மாடியில் ஐப்பசி, கீழே சைக்கிள் பக்கத்தில் ஆடிக் காற்று. அவரவருக்கு எந்த மாதம் பிடிக்குமோ அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டார்கள். மாவுச் சட்டிகளைக் கீழே வைத்தார்கள். ஆடிக் காற்றில் மாவு நன்றாகப் பொங்கியது. சம்பூரணத்தின் முட்டி வலி நாலு நாளில் இறங்கிற்று. அவள் முதல் மாடிக்கும் மூன்றாம் மாடிக்குமாக ஏறியிறங்கி, மாதத்துக்கு மாதம் போய்ப் பேசினாள்.

ஆனால் ஒசூருக்கென்று அவள் கட்டிவைத்த பை கட்டிலடியில் அப்படியே இருந்தது.

"யக்கா, போறியா, இருக்கியா?" என்று தனக்கோட்டி எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"கேக்கவேண்டிய ஆளு கேக்கட்டும், அப்புறம் சொல்றேன்," என்றாள் சம்பூரணம்.

அன்றிலிருந்து துளசிங்கத்துக்கு நிம்மதி போயிற்று. படியேறினால் ஒருவர், இறங்கினால் ஒருவர். ஜைத்தூன் டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு வார்த்தைதானே அண்ணே."

"ம்."

"அது இல்லண்ணே. வேற வார்த்தை."

டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கொடுத்தார். ஒரு கட்டடத்தை மூன்று நாளில் மலையாக்கியவருக்கு அந்த ஒன்று வரவில்லை.

கத்திரியின் கடைசி நாள் சாயங்காலம் இடி இடித்துக் கோடை மழை வந்தது. மழை வெளியே பெய்ய, உள்ளே மலை இளகியது. சிகரத்திலிருந்து ஒரு துளி, பிறகு ஒரு நூல், பிறகு வாசலைத் தாண்டிப் படி படியாகக் குதிக்கிற ஒரு சின்ன ஆறு. யாரும் பதறவில்லை. குடம் வைத்திருந்தவர்கள் குடம் பிடித்தார்கள், வாளி வைத்திருந்தவர்கள் வாளி பிடித்தார்கள், தனக்கோட்டி விற்காத மல்லிகையை மேல்படியிலிருந்து கொட்டிவிட, அது மூன்று மாடியும் மிதந்து இறங்கி ஆபிரகாம் சாரின் பாதத்தில் வந்து நின்றது. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடு ஆற்றில் நின்று ஒரு பாட்டுப் பாடினார். சங்கச் செயலாளர் பாடுவார் என்பது அன்றுதான் தெரிந்தது.

காலையில் சுவரில் மலை இல்லை. நீலமும் ஊதாவும் ரோஸும் எல்லாம் தண்ணீரோடு போய், வெறும் வெள்ளைக் காகிதம் மட்டும் குழி அட்டைமேல் மொழுமொழுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு மஞ்சுளா வந்தாள். "என்னம்மா, படியெல்லாம் ஈரம்?"

"மலை கரைஞ்சிடுச்சு."

"சரி. பை ரெடியா?"

சம்பூரணம் பையை இழுத்து நடுக்கூடத்தில் வைத்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். படியில் மூன்று மாடியும் மூச்சுவிடாமல் நின்றது. எதிர்வீட்டில் ஜைத்தூன் குக்கர் சத்தம் போட்டுவிடக் கூடாதென்று அடுப்பையே அணைத்துவிட்டு வந்து நின்றாள். துளசிங்கம் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

"அப்போ கெளம்புறேன்," என்றாள் சம்பூரணம்.

"ம்," என்றார். பழக்கம். உடனே தலையை ஆட்டிக்கொண்டார், அது இல்லை என்கிற மாதிரி. பிறகு சுவரிடம் சொன்னார்: "இரு."

"இன்னா?"

"இருன்னேன்."

"காதுல வுழல."

துளசிங்கம் திரும்பினார். ஏணியின் உச்சியில் நின்று தெருவில் போகிற வண்டிக்காரனை ஒதுங்கச் சொல்கிற குரல் ஒன்று அவரிடம் இருந்தது. வீட்டுக்குள் அதை எடுத்ததே இல்லை. எடுத்தார்.

"இரு! போவாத! இங்கியே இரு!"

தெருமுனை டீக்கடைவரை கேட்டது. படியில் கைதட்டல் மேலிருந்து கீழே இறங்கியது. யாரோ விசிலடித்தார்கள். அது ஆபிரகாம் சாராகவும் இருக்கலாம். தனக்கோட்டி உள்ளே வந்து பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் இறங்கிப் போனாள்.

"கேட்டியாடி மஞ்சு?" என்றாள் சம்பூரணம். அவள் முகம் முழுக்கச் சிரிப்பும் தண்ணீருமாக இருந்தது. "மனுஷன் இவ்ளோ பேசறப்போ எப்படிடி விட்டுட்டு வர்றது?"

"சரி, அடுத்த வருஷம் வெயிலுக்கு என்னம்மா பண்ணுவ?"

சம்பூரணம் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். "இன்னாங்க, மலை வேணாம். முட்டிக்கு ஆவல. அடுத்த கத்திரிக்குக் கடல் ஒட்டுங்க."

துளசிங்கம் நாலடி பின்னால் போனார். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தார்.

"அலை எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள்.

"கட்டில் பக்கம்," என்றாள்.